டர்பனில் இருந்து வந்த பங்காளி

போன சிவராத்திரிக்கு இரண்டு நாள் முன்பு, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்து அறுபது தாண்டிய ஒரு அம்மாவும் அவர் மகனும் ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கிற எங்கள் திருப்பாலைக்குடிக்கு வந்து இறங்கினார்கள். கையில் ஒரே ஒரு ஜெராக்ஸ் தாள். அந்த அம்மாவுடைய தாத்தாவின் அப்பா 1880களில் சென்னையில் கப்பலேறி, டர்பன் இருக்கிற நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனபோது பதிந்தது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம் எல்லாம் உண்டு, இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு என்பது வரைக்கும்.

ஜில்லா மட்டும் மதுரை என்று இருந்தது. அதை நம்பி மதுரையில் மூன்று நாள் அலைந்திருக்கிறார்கள், பாவம். ராமநாதபுரம் தனி ஜில்லாவானதே 1910-ல்தான், அதற்கு முன் இந்தக் கரையில் இருந்து போனவர்கள் பதிவில் மதுரை என்றுதான் இருக்கும். ஊர்ப்பெயரை குமாஸ்தா காதில் விழுந்தபடி ‘திரிபல்குடி’ என்கிற மாதிரி எழுதியிருந்தார். ஒரு ஆட்டோக்காரர்தான் அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்து இங்கே கொண்டுவந்து விட்டார். (இந்தப் பக்கம் தோணியேறி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள்தான் அதிகம். ஆள் சேர்க்கிற கங்காணி பின்னால் கூட்டமாகப் போனவர்களுக்கு இப்படி ஆளுக்கொரு பதிவு கிடைப்பது அபூர்வம்.)

எங்கள் பெரியப்பா முதலில் கேட்டது, “சொத்துக் கேட்டா வந்திருக்காக?”

தாளில் இருந்த பெயரில் ஊருக்குள் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள், அதை வைத்து ஒன்றும் நகரவில்லை. அப்புறம் எங்கள் அப்பத்தா, “சாமிக்கு என்னத்தா படைப்பீக?” என்று கேட்டது. நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாவே “கருவாடு” என்றார். முனியசாமிக்கு சிவராத்திரி மறுநாள் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, சின்ன வயதில் இருந்து வீட்டில் அப்படித்தானாம். எங்கள் ஊரில் அப்படிப் படைப்பது மூன்று வீடுதான், மூன்றும் பங்காளி வீடு. ஒரே ரத்தம்தான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் அப்பத்தாவுக்குச் சந்தேகமே இல்லை, தன் கண்ணாடி வளையலைக் கழற்றி அந்த அம்மா கையில் போட்டுவிட்டது.

தேடி வருகிற யாருக்கும் நான் சொல்வது இதுதான்: தாளோடு வீட்டுப் படையலையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

கிளம்பும்போது கோயிலுக்கு ஏதாவது கொடுக்கவேண்டும் என்றார்கள். நன்கொடை ரசீதை எடுத்த கணக்கரைப் பெரியப்பாதான் தடுத்தார். “நன்கொடை எதுக்குப்பா? வரி நோட்டை எடு.” ஊர்க்காரக் குடும்பங்கள் மட்டும் கொடுக்கிற தலைக்கட்டு வரி ஐநூறு ரூபாய், கடைசிப் பக்கத்தில் பையன் பெயர், பக்கத்தில் ‘டர்பன்’.