ஃபலாஃபெல் எண்ணெயில் பிரிந்துபோவது ஏன்?

கேள்வி:

வணக்கம். சைவ உணவு மட்டுமே உண்ணும் எங்கள் வீட்டில் பயறு, பருப்பு வகைகளை விதவிதமாகச் சமைக்க வேண்டியிருப்பதால், அரபு நாடுகளில் பரவலாக உண்ணப்படும் ஃபலாஃபெலைச் சென்ற வாரம் இரண்டு முறை செய்து பார்த்தேன். கால் கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவு முழுவதும் ஊறவைத்து, குக்கரில் நான்கு விசில் விட்டு, தண்ணீரை வடித்து, பூண்டு, வெங்காயம், சீரகம், கொத்தமல்லித்தழை சேர்த்து அரைத்து உருட்டினேன். எண்ணெயில் போட்டவுடனேயே உருண்டைகள் பிரிந்து, வாணலி முழுவதும் நுரையும் தூளுமாகிவிட்டது. மறுமுறை மூன்று கரண்டி மைதா சேர்த்தபோது உடையவில்லை. ஆனால் உள்ளே களிபோல் இருந்தது. எங்கே தவறுகிறேன்? எண்ணெயைக் குறைக்கும்படி மருத்துவர் என் மாமியாரிடம் சொல்லியிருப்பதால், பொரிக்காமல் செய்யவும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

முதல் பதில்:

குக்கரில் வைத்ததுதான் தவறு. மசால் வடைக்குக் கடலைப்பருப்பை ஊறவைத்துப் பச்சையாகவே அரைக்கிறோம் அல்லவா, ஃபலாஃபெலுக்கும் அதே முறைதான். வேகவைத்த கடலை ஏராளமான தண்ணீரைக் குடித்துவிடுகிறது. அதன் மாவுச்சத்தும் முன்னதாகவே வெந்துவிடுவதால், எண்ணெயில் விழும்போது துகள்களைப் பிணைத்துப் பிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. பச்சையாக அரைத்த கடலையிலோ, அந்த மாவுச்சத்து எண்ணெயின் சூட்டில்தான் வெந்து துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. டப்பாவில் வரும் வெந்த கடலையும் இதற்கு உதவாது.

கடலையை 18 மணி நேரமாவது ஊறவிடுங்கள். வெயில் காலத்தில் புளித்துவிடும் என்பதால் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லது. பிறகு வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக்கி, ரவையைவிடச் சற்றுப் பெரிய துகளாகும்வரை மிக்சியை விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்தினால் கெட்டியாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இன்னும் ஒரு சுற்று அரையுங்கள். மைதா தேவையே இல்லை. ஒரு மணி நேரம் குளிரவைத்த பிறகு உருட்டினால் வேலை எளிது.

இரண்டாவது பதில்:

மேலே சொன்னது லெபனான், சிரியா, பாலஸ்தீனப் பகுதிகளின் முறை. எகிப்தில் இதே பண்டத்துக்குத் தஆமியா என்று பெயர்; அங்கே கொண்டைக்கடலைக்குப் பதிலாகத் தோல் நீக்கி உடைத்த ஃபாவா அவரையை ஊறவைத்து, கொத்தமல்லித்தழையும் பார்ஸ்லி என்ற மணமுள்ள தழையும் நிறையச் சேர்த்து அரைப்பதால் உள்ளே நல்ல பச்சை நிறமாக இருக்கும். நம் மொச்சைதான் அது என்று பலர் நினைக்கிறார்கள், இரண்டும் வெவ்வேறு. ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் ஒரு நொதி) பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் ஃபாவா அவரையை அறவே தவிர்க்க வேண்டும், ஏனெனில் அது அவர்களுடைய இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும்.

இன்னொன்றை அக்கறையோடு சொல்கிறேன். கடலையைப் பச்சையாக அரைக்கலாம் என்பதை வைத்து, ராஜ்மாவிலும் இப்படிச் செய்துவிடாதீர்கள். வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். குறைந்தது 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவிட்டு, அதன்பின் மெத்தென்று வேகவைக்க வேண்டும்.

மூன்றாவது பதில்:

எண்ணெயைக் குறைக்கப் பணியாரக் கல்லே போதும். குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு, உருண்டையைச் சற்றுத் தட்டையாக்கி வைத்து, மூடி போட்டுச் சிறு தீயில் பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம் விடுங்கள். கடலை பச்சையாக இருப்பதால் அவசரப்படக் கூடாது. ஒன்றைப் பிட்டுப் பார்த்து, நடுவில் பச்சை வாடை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பொரித்ததன் மொறுமொறுப்பு வராதுதான், ஆனாலும் சுவை குறையாது.

தொட்டுக்கொள்ள, வெள்ளை எள்ளை நிறம் மாறாமல் வறுத்து, விழுதாக அரைத்து, பூண்டும் எலுமிச்சைச் சாறும் சேருங்கள். முதலில் திடீரென்று இறுகிக்கொள்ளும். பயப்படாமல் குளிர்ந்த தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றி அடித்தால் வெளுத்துத் தளரும்.

கேட்டவர்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிறன்று 20 மணி நேரம் ஊறவைத்த கடலையில் பணியாரக் கல்லில் செய்தேன், ஒன்றுகூட உடையவில்லை. மாமியார் நான்கு சாப்பிட்டார். எள் விழுதில் மட்டும் இன்னும் கொஞ்சம் புளிப்பு வேண்டும் என்றார்.