புதுப்பிப்பு: அப்பத்தாவின் படர்தாமரை சரியாகிவிட்டது

உதவிய எல்லாருக்கும் நன்றி. கடையில் வாங்கிய களிம்பைப் போட்டால் அப்பத்தாவின் இடுப்பில் உள்ள படர்தாமரை அடங்குகிறது, நிறுத்தினால் இன்னும் அகலமாகப் படர்கிறது, என்ன செய்வது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். "களிம்பில் ஸ்டீராய்டு இருக்கிறதா பாருங்கள், கேஓஎச் சோதனை (தோல் செதிலில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பது) செய்யுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. உறையில் குளோபீட்டசால் என்ற ஸ்டீராய்டின் பெயர் இருந்தது. அது அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளரவிடும்.

காரைக்குடியில் தோல் மருத்துவர் வட்டத்தின் ஓரத்துச் செதிலைச் சுரண்டிப் பார்த்தார். நுண்ணோக்கியில் பூஞ்சை இழைகள் தெரிந்தன. இதய நோய் உண்டா என்று கேட்டு, ஈரல் பரிசோதனையும் பார்த்த பிறகே இட்ராகோனசோல் என்ற பூஞ்சைக் கொல்லி மாத்திரை தந்தார். கூடவே பூஞ்சைக்கான லுலிகோனசோல் களிம்பு. தடம் மறைந்த பிறகும் 2 வாரம் தொடர்ந்தோம்.

எதிர்பாராத விஷயம்: அப்பத்தா போடும் அசிடிட்டி மாத்திரை இட்ராகோனசோல் உடம்பில் சேர்வதைக் குறைக்குமாம். அந்த அசிடிட்டி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அப்புறம், ஒரே துண்டைப் பயன்படுத்திய தம்பிக்கும் தொற்று இருந்தது. அவனுக்கும் சேர்த்தே வைத்தியம் நடந்தது.