வரைவு விதிகளில் நிலத்தோற்ற வடிவமைப்பாளரின் குரல் எடுபட என்ன வழி?

வேரடி மண் (கேள்வி):
நான் நிலத்தோற்ற வடிவமைப்பாளர்; பூங்கா, தெருவோரம் போன்ற திறந்தவெளிகளை வடிவமைப்பது என் தொழில். எங்கள் தொழிற்சங்கத்தின் கொள்கைக் குழுவில் அண்மையில் சேர்ந்தேன். சாலையோர மரங்கள் பற்றிய வரைவு விதி ஒன்று, கருத்துக்கேட்பு முடிய இரண்டு வாரமே இருக்கும்போது எங்கள் கைக்கு வந்தது. பத்து மீட்டருக்கு ஒரு கன்று நட வேண்டும் என்கிற அவ்விதியில், வேர் பரவ எவ்வளவு மண் வேண்டும் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. சுற்றிலும் சரளையை இடித்து இறுக்கிய சிறு குழியில் நட்ட மரம் சில ஆண்டுகளில் நடைபாதைக் கற்களைத் தூக்கும். கற்களைச் சரிசெய்ய வருபவர்கள் வேரை வெட்டுவார்கள். பிடிப்பிழந்த மரம் பெருங்காற்றில் சாயும். இதை எடுத்துச் சொன்னால், உங்கள் தொழிலுக்கு வேலை தேடுகிறீர்கள் என்கிறார்கள். எப்படிப் பேசுவது?

பழைய கோப்பு:
வரைவு எழுதும் பக்கத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 'இவ்விதி போதாது' என்று வரும் கடிதங்களை நாங்கள் படிப்போம், கோப்பில் சேர்ப்போம், அத்துடன் சரி. எந்தப் பிரிவில் எந்தச் சொற்களை நீக்கி எதைச் சேர்க்க வேண்டும் என்று எழுதி வரும் ஒற்றைப் பக்கம்தான் கூட்டத்தில் மேசைக்கு வரும், ஏனெனில் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியும். அமெரிக்காவில் 1916-இல் தேசியப் பூங்காப் பணித்துறையை அமைத்த சட்டத்தை நினைத்துப் பாருங்கள். இயற்கைக் காட்சிகளையும் காட்டுயிர்களையும் வருங்காலத் தலைமுறைகளுக்குச் சிதையாமல் விட்டுவைக்க வேண்டும் என்னும் அதன் நோக்கப் பகுதியை எழுதிக்கொடுத்தவர், உங்கள் துறையைச் சேர்ந்த இளைய ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட். பூங்காக்களைக் காக்க வேண்டும் என்று அன்று பலரும் பேசினார்கள். இன்றும் நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்படுவது அந்த வாசகம்தான்.

நீர்வழி:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தன்னலம் என்ற குற்றச்சாட்டை அவ்வளவு எளிதாகக் கடந்துவிடக் கூடாது. தொழில் உரிமம், கட்டண விகிதம், இன்ன வரைபடத்தில் இன்னார்தான் கையெழுத்திட வேண்டும் என்பன நம் நலன் சார்ந்த கோரிக்கைகள். அவற்றில் நியாயம் இருக்கலாம், அவற்றைக் கேட்பதும் தவறன்று. மண், மழைநீர், நிழல் பற்றிய கோரிக்கையோடு அவற்றை ஒரே கடிதத்தில் கலப்பதுதான் தவறு; கலந்தால் மண் பற்றிய கோரிக்கையும் தன்னலமாகவே படிக்கப்படும். மரக் கடிதத்தில் உங்கள் தொழிலின் பெயர் கையொப்பத்தில் மட்டும் வரட்டும். சாலைப் பொறியாளர், மரப் பராமரிப்பாளர், நடக்கச் சிரமப்படும் முதியோர் ஆகியோரின் கையொப்பங்களும் சேரட்டும்.

ஒன்று கூடுதலாக: கருத்துக்கேட்பு என்பது கடைசிப் படி. சீனத்தில் 2015-இல் 16 நகரங்களில், மழைநீரை நகரமே பஞ்சுபோல உறிஞ்சித் தேக்கும்படி அமைக்கும் பஞ்சு நகரத் திட்டம் முன்னோட்டமாகத் தொடங்கியதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, நிலத்தோற்ற வடிவமைப்பாளர் யூ கோங்ஜியான் நகரத் தலைவர்களிடம் நேரில் பேசிவந்தார்.

வேரடி மண்:
இருவருக்கும் நன்றி. உரிமம் பற்றிய பத்தியை எடுத்துவிட்டேன். மரப் பிரிவுக்கு மாற்று வாசகம் இவ்வாறு எழுதியிருக்கிறேன்: 'நடப்படும் ஒவ்வொரு மரத்துக்கும், அது முழுமையாக வளரும்போது எட்டும் அளவுக்கு ஏற்ப, இறுக்கப்படாத மண்ணின் கன அளவு வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும், நடைபாதைத் தளம் இடுவதற்கு முன் அது அளந்து சரிபார்க்கப்பட வேண்டும்.' சரிபார்ப்பது யார் என்பதையும் இதே பிரிவில் சொல்ல வேண்டுமா?

பழைய கோப்பு:
கட்டாயம் சொல்லுங்கள். பொறுப்பாளர் குறிக்கப்படாத சரிபார்ப்பு நடப்பதே இல்லை. முதல் மூன்று ஆண்டுகள் தண்ணீர் ஊற்றும் செலவு எந்தக் கணக்கில் வரும் என்பதையும் அதே இடத்தில் எழுதிவிடுங்கள்.