புதுப்பிப்பு: இந்திய இமயமலையின் மணாலி–லே பாதையில் தனியே வாகனம் ஓட்டுவது, ஒக்டோபரில்

முதற்பதிவில் எரிபொருளும் வழியும் எழுதியிருந்தேன். பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து பலர் கேட்டது ரயர் காற்றைப் பற்றித்தான்.

மணாலியில் 32 பி.எஸ்.ஐ (காற்றமுக்க அலகு) அடித்து, 5,300 மீற்றருக்கு மேலுள்ள தங்லங் லா கணவாய்க்கு ஏறினால் வெளியமுக்கம் ஏறத்தாழ 4 பி.எஸ்.ஐ குறையும். அதனால் மானியில் அளவு கூடித் தெரிய வேண்டும். ஆனால் 20 பாகை குளிர்ந்தால் ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ இறங்கிவிடும். ரெண்டும் கிட்டத்தட்டச் சரிக்கட்டும், ஆகவே கணவாயில் நின்று காற்றைத் திறக்காதேங்கோ. சரளையில் 26க்கு இறக்கினால், தார் வந்ததும் கையோடு திரும்ப அடியுங்கோ. சின்னக் கொம்பிரசர் கட்டாயம்.

நீரோடைகள்: கோடையில் பனி உருகித் தண்ணீர் கூடுவதால் பின்னேரம்தான் பயம். இலையுதிர் காலத்தில் விடியற்காலைதான் மோசம். இரவில் ஓடிய தண்ணீர் வளைவின் நிழற்பக்கத்தில் கண்ணாடியாக உறைந்து கிடக்கும், கறுப்பாகத் தெரிவதால் ஈரத்தார் என்றே தோன்றும். வெயில் விழுந்த பிறகு வெளிக்கிடுங்கோ. இறக்கத்தில் 4L (நாலு சில்லும் இழுக்கும் குறைவேக நிலை), இரண்டாம் கியர், பிறேக்கில் கால் வைக்காமல்.

டீசல்: வழியிலுள்ள தாண்டி என்ற ஊரில் நிரப்புங்கோ, அதற்குப் பிறகு நிலையங்கள் அரிது. கானில் 20 லீற்றர் வேணும்.

கடற்கரை மட்டத்தில் வாழ்கிற எங்களுக்கு உடம்புதான் பெரிய விசயம். வழியிலுள்ள ஜிஸ்பா ஊரே இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையை விட உயரம். அங்கே ரெண்டு இரவு தங்குங்கோ. அதற்கப்பால் வரும் சர்ச்சு என்ற தங்குமிடம் 4,200 மீற்றருக்கு மேல். அங்கே படுக்கிற திட்டத்தை விடுவது நல்லது. தலையிடியோடு நடை தள்ளாடினால் உடனே கீழே இறங்க வேணும், தனியே போறவருக்கு வேறு வழியில்லை.