370 இசட்டுக்கு டர்போ: ஏற்றலாமா, சும்மா விடலாமா?

பீளமேடு370:
வணக்கமுங்க. போன தை மாதம் செகண்ட் ஹேண்டில் ஒரு நிசான் 370 இசட் வாங்கினேன். 3.7 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்), டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும் சாமான்) இல்லாதது, 330 குதிரைத்திறனை ஒட்டி வரும். அவிநாசி ரோட்டுக்கு இதுவே ஜாஸ்தி என்று வீட்டில் சொல்கிறார்கள், அது வேறு கதை. ஊட்டி ஏறும்போதுதான் மனசு கேட்கவில்லை. குன்னூர் தாண்டினால் வண்டி சுணங்குகிறது. எஞ்சினைப் பிரிக்காமல் இரட்டை டர்போ கிட் போட்டு 0.5 பார் (காற்றழுத்த அளவு) மட்டும் ஏற்றலாம் என்று பார்க்கிறேன். வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் சொல்லுங்கள்.

கணபதி லேத்து:
நான் வேண்டாம் கட்சி. உங்கள் எஞ்சினின் கம்ப்ரஷன் 11க்கு 1, அதாவது உள்ளே வந்ததைப் பதினொன்றில் ஒரு பங்காக அமுக்கும். தானாக மூச்சு இழுக்கிற எஞ்சினுக்கு அது அழகான கணக்கு. அதன் வாயில் நீங்கள் காற்றைத் திணிக்கப் போகிறீர்கள். காற்றை அமுக்கினால் சுடும். வெளியே 35 டிகிரி இருக்கும் காற்று 0.5 பார் ஏறி டர்போவை விட்டு வரும்போது 90 டிகிரியைத் தொடும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூட்டைக் கொஞ்சம் இறக்கும். சித்திரை மாதம் கரூர் பைபாஸில் அது எவ்வளவு இறக்கும் என்று நீங்களே யோசியுங்கள். அந்தச் சூட்டோடு சிலிண்டருக்குள் மறுபடி 11 பங்கு அமுக்கினால், பிளக்கின் பொறிக்காகப் பெட்ரோல் காத்திருக்காது. அங்கங்கே தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். வெளியூரில் டர்போ ஏற்றிய வண்டியின் பிஸ்டன் ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. ரிங் காடிகளுக்கு நடுவில் இருக்கும் மேடு வர்க்கி மாதிரி உதிர்ந்து கிடந்தது.

திருச்செங்கோடு ரிக்:
ஏனுங்க லேத்து அண்ணா, டர்போவை இப்படிப் பூச்சாண்டியாக்கிவிட்டீங்களே! எங்கள் ஊர் போர்வெல் வண்டி, கம்ப்ரஸர், நாமக்கல் லாரி, எல்லாம் டர்போவில்தான் சோறு போடுகின்றன. வடக்கே வெயிலில் ராத்திரி பகலாக ஓடுகின்றன. ஆயிலை நேரத்துக்கு மாற்ற வேண்டும். மேடு ஏறி வந்ததும் சாவியைப் பிடுங்காமல் சித்த நேரம் ஐடிலில் விட வேண்டும். லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாமான், ஆயில் ஓட்டம் சட்டென்று நின்றால் அதன் பேரிங்கில் ஆயில் கருகிவிடும். இவ்வளவுதான் சூட்சுமம்.

கணபதி லேத்து:
தம்பி, நீங்கள் சொல்வது டீசல். டீசல் எஞ்சின் அமுக்குவது வெறும் காற்றை. எரிபொருள் கடைசி நொடியில்தான் உள்ளே பீய்ச்சப்படுகிறது. முன்கூட்டிப் பற்றிக்கொள்ள உள்ளே ஒன்றும் இல்லை. அதனால் டர்போ அதற்கு அமிர்தம். இந்த நிசான் எஞ்சினில் பெட்ரோல் காற்றோடு கலந்தேதான் உள்ளே போகிறது. ரிக் கணக்கை இங்கே போடாதீர்கள்.

திருச்செங்கோடு ரிக்:
சரி, அந்தப் பாயின்டு உங்களுக்கு. ஆனால் அவர் கேட்டது ஊட்டியை. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். 330 குதிரை மேலே போனால் 250 ஆகிவிடும். இறங்கிப்போன குதிரையைத் திரும்பக் கொண்டுவர டர்போவை விட்டால் வேறு வழி சொல்லுங்கள் பார்ப்போம்.

ஆழியாறு40:
வழி இருக்கிறது: கீழ் கியர். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் வெளியே வரும்போது கால் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு மட்டும் உடனே வர வேண்டும். அதற்குத்தான் இந்த எஞ்சின். டர்போ போட்டால் கேட்பதற்கும் வருவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி விழும். வரும்போது மொத்தமாக வரும். ஈரமான வளைவில், எதிரே தேயிலை லாரி இருக்கும்போது, அது வேண்டவே வேண்டாம்.
போர்ஷே கதை தெரியுமல்லவா? 2016இல் பாக்ஸ்டர், கேமன் இரண்டிலும் ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு நான்கு சிலிண்டர் டர்போ வைத்தார்கள். சக்தி கூடியது. சத்தத்தைக் கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். 2020இல் அதே வண்டிகளின் ஜிடிஎஸ் மாடலில் டர்போ இல்லாத 4 லிட்டர் ஆறு சிலிண்டரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

ஈரோடு ட்யூனிங்:
ஒரு பக்கத்துக் கதையை மட்டும் சொல்கிறீர்கள். நிசானே 370க்கு அடுத்து வந்த இசட்டில் 3 லிட்டர் இரட்டை டர்போ வைத்து 400 குதிரை எடுக்கிறது. டர்போ என்றால் இசட்டின் உயிர் போய்விடும் என்பது சும்மா.
கம்ப்ரஷன் அதிகமுள்ள எஞ்சினில் டர்போ ஏற்றுவதும் புதிதில்லை. 1962இல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் 10.25 கம்ப்ரஷனோடு டர்போ வைத்தே கடைக்கு வந்தது. நாக்கிங்கை அடக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் தெளிக்கும் ஏற்பாடு இருந்தது. ஓட்டுநர்கள் அதை ஊற்ற மறந்தார்கள். கடைசியில் பல வண்டிகளில் டர்போவைக் கழற்றி சாதாரண கார்புரேட்டர் மாட்டினார்கள். ஐடியாவில் தப்பில்லை, கவனிப்பில்தான். இன்று எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியூ இருக்கிறது, நாக்கிங்கைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் இருக்கிறது.
ஆனால் 0.5 வேண்டாம், 0.35க்கு மேல் போகாதீர்கள். நாக்கிங்கைத் தாங்கும் 95 ஆக்டேன் பெட்ரோல் மட்டும் ஊற்றுங்கள். இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், கிளட்ச், பெரிய ஆயில் கூலர் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இன்னொன்று: இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால். எத்தனால் நாக்கிங்கைத் தள்ளிப்போடும், நல்லதுதான். ஆனால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் கேட்கும். அதைப் பார்க்காமல் இன்டர்நெட்டில் இறக்கிய மேப்பை (ஈசியூவுக்கான எரிபொருள் கணக்கை) ஏற்றினால் பெட்ரோல் பற்றாமல் கலவை வறண்டுவிடும். அப்புறம் லேத்து அண்ணன் சொன்ன வர்க்கிதான்.

கணபதி லேத்து:
நீங்கள் சொன்ன புது இசட்டையே எடுத்துக்கொள்வோம். அது டர்போவுக்கென்றே வார்த்த எஞ்சின். இது அப்படியா? அந்த லிஸ்டைப் படித்தீர்களா? எஞ்சினைத் தவிர எல்லாம் புதுசு!

கரூர் வக்கீல்:
குறுக்கே வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சொல்லாமல் மாற்றிய வண்டிக்கு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான். கல்யாண வீட்டில் பேசுகிற மாதிரி எல்லோரும் பேசிக்கொண்டே போகிறீர்கள், இதை ஒருவரும் சொல்லவில்லை.

சோழவரம் பழசு:
நான் பழைய ஆள், டர்போ மோகமெல்லாம் எனக்குப் புரியாது. நம் ஊர் ரேஸ்காரர் கரிவர்தன் எண்பதுகளின் கடைசியில் மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரைக் கட்டினார். அந்தச் சின்ன எஞ்சினை வைத்தே எத்தனையோ பையன்கள் சோழவரத்தில் ரேஸ் ஓட்டக் கற்றார்கள். எடை குறைவு, அவ்வளவுதான் ரகசியம். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் டிராக் இருக்கிறது. தம்பி, நல்ல டயரும் பிரேக் பேடும் போட்டு அங்கே ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். 330 குதிரையில் எத்தனையை உங்களால் முழுசாகப் பயன்படுத்த முடிகிறது என்று தெரிந்துவிடும்.

பீளமேடு370:
எல்லோருக்கும் நன்றிங்க. ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போச்சு. கிட்டுக்குப் போன வாரமே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

கணபதி லேத்து:
அப்புறம் எதுக்குங்க கேட்டீங்க!

பீளமேடு370:
யாராவது ‘தைரியமாகப் போடு’ என்று சொல்வார்கள் என்றுதான்.

திருச்செங்கோடு ரிக்:
நான் சொன்னேனே!

கணபதி லேத்து:
சரி, ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வாங்க. ஆறு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம். ஒன்றில் குறைந்தாலும் அட்வான்ஸைத் திரும்ப வாங்குகிற வழியைப் பாருங்கள். ஆறும் சமமாக வந்தால் டர்போவை மாட்டும் மேனிஃபோல்டு பிளான்ஜை நானே கடைந்து தருகிறேன். ஆனாலும் என் ஓட்டு வேண்டாம்தான்.