பொலிவியாவில் இரண்டு வாரச் சேவை: போகலாமா, வேண்டாமா?

பை_தூக்கி:
அடுத்த வேலையில் சேர்வதற்கு முன் கொஞ்ச காலம் கையில் இருக்கிறது. பொலிவியா போகலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். முதுகில் பையை மாட்டிக்கொண்டு லா பாஸ், திதிகாகா ஏரி, உயுனி உப்புவெளி, பொதோசி என்று பேருந்திலேயே சுற்றுவது. நடுவில் இரண்டு வாரம் கொச்சபாம்பாவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் தன்னார்வலராக இருப்பது. ஒரு ஏஜென்சி ஏற்பாடு செய்கிறது. குழந்தைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லித்தர வேண்டுமாம். ஸ்பானிஷ் தேவையில்லை, முன் அனுபவமும் தேவையில்லை என்கிறார்கள். கட்டணம்தான் சற்றுக் கனம்.

"சேவை செய்ய எவனாவது காசு கட்டுவானா?" என்று அப்பா கேட்கிறார். வெறுமனே ஊர் சுற்றிவிட்டு வருவதைவிட யாருக்காவது பயன்பட்டுவிட்டு வருவது மேல் என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மலைக்காகம்:
அப்பா சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். மொழி வேண்டாம், அனுபவம் வேண்டாம், பணம் மட்டும் போதும் என்கிற இடத்தில் நீங்கள் வாடிக்கையாளர், அவ்வளவுதான்.

அப்படியே திருப்பிப் போட்டுப் பாருங்கள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாத, யார் எவர் என்று விசாரிக்கப்படாத ஒரு பொலிவிய இளைஞர் கோயம்புத்தூரில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு வந்து, ஸ்பானிஷில் கணக்கு சொல்லித்தருகிறேன் என்றால் வாசலைத் தாண்ட விடுவோமா? விட்டால் அடுத்த நாள் செய்தித்தாளில் வரும்.

இன்னொன்று. காப்பகங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்று யுனிசெஃப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. வறுமைதான் பிள்ளைகளை அங்கே கொண்டு சேர்க்கிறது. வெளிநாட்டுப் பணம் காப்பகத்துக்கு வரும்வரை, குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதில் அங்கே யாருக்கும் அவசரம் இருக்காது. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது காப்பகங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவது பற்றியும் பேசியது. 2019இல் ஐ.நா. பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானமும் காப்பகச் சுற்றுலாவின் தீங்கைக் குறிப்பிட்டது. பொலிவியாவின் சொந்தச் சட்டமே, 2014இல் வந்த 548ஆம் எண் குழந்தைகள் சட்டம், குழந்தை குடும்பத்தில் வளர்வதைத்தான் முதலில் வைக்கிறது.

காவேரிக்கரை:
இதுதான் இணையத்தின் வியாதி. ஒருவர் நல்லது செய்யக் கிளம்பினால் பத்துப் பேர் தீர்மான எண்ணோடு வந்துவிடுவார்கள். அப்புறம் எல்லோரும் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம், யாருக்கும் தீங்கு இல்லை.

வெளியிலிருந்து வந்தவர்களால் பொலிவியாவுக்கு ஒன்றும் நடக்கவில்லையா? 2006இல் எவோ மொராலெஸ் அதிபராக ஆட்சிக்கு வந்ததும் எழுத்தறிவு இயக்கம் தொடங்கினார்கள். கியூபாக்காரர்கள் தங்கள் 'யோ சி புவேதோ' ('என்னால் முடியும்') என்ற எழுத்தறிவு முறையோடு வந்தார்கள், வெனிசுவேலாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 2008 டிசம்பரில் எழுத்தறிவின்மை இல்லாத நாடு என்று பொலிவியா அறிவித்தது. 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதப் படிக்கக் கற்றார்கள் என்பது அரசின் கணக்கு. அயல்நாட்டுக்காரன் வந்தாலே கெடுதல் என்றால் இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

மலைக்காகம்:
என் கணக்கில்தான் எழுதுவேன். நன்றி, நல்ல உதாரணம் கொடுத்தீர்கள்.

அந்த இயக்கத்தில் கியூபாக்காரர்கள் செய்தது பயிற்சி, மேற்பார்வை. ஊர் ஊராக உட்கார்ந்து சொல்லித்தந்தவர்கள் பொலிவியர்கள்தான். காணொளிப் பாடம் ஸ்பானிஷில் மட்டுமில்லை, அங்குள்ள பழங்குடி மொழிகளான அய்மாராவிலும் கெச்சுவாவிலும் வந்தது. அழைத்தது அந்த நாட்டு அரசு. முடிக்க இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இதையும் இரண்டு வார ஆங்கில வகுப்பையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

எதிர்ப்பக்கக் கதையும் அதே நாட்டில் இருக்கிறது. அமெரிக்க அரசு வெளிநாடுகளுக்கு அனுப்பும் பீஸ் கோர் தன்னார்வலர்களை 1971இல் பொலிவியா வெளியேற்றியது. பழங்குடிப் பெண்களுக்கு அவர்கள் சம்மதமில்லாமல் இந்த அமைப்பு கருத்தடை செய்கிறது என்ற குற்றச்சாட்டு நாட்டையே உலுக்கியிருந்தது. அது எவ்வளவு உண்மை என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. 1990இல் திரும்ப வந்தார்கள், 2008இல் மறுபடியும் கிளம்பினார்கள். நல்லெண்ணத்தோடு வந்திருக்கிறேன் என்று நாம் சொல்வதை அந்த ஊர் அப்படியே நம்பவேண்டிய கட்டாயம் இல்லை.

சுதா_செவிலியர்:
சண்டையை நிறுத்தாமலே இதையும் படியுங்கள். பை_தூக்கி தம்பி, உங்கள் பயணத் திட்டத்தில் எனக்குப் பயம் வேறு இடத்தில்.

லா பாஸ் விமான நிலையம் எல் ஆல்தோவில், 4,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து நேராக அங்கே போய் இறங்கினால் முதல் இரவே தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வரலாம். உடம்பு வலுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மாரத்தான் ஓடுபவரும் படுத்துவிடுவார். சாந்தா குரூஸில் இறங்குங்கள், அது 400 மீட்டர்தான். அங்கிருந்து கொச்சபாம்பா 2,550 மீட்டர், சுக்ரே 2,800 மீட்டர், அதற்குப் பிறகு பொதோசி, லா பாஸ். அசெட்டசோலமைட் மாத்திரை உதவும், ஆனால் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். கொக்கா இலையில் போட்ட தேநீர் எல்லா விடுதியிலும் தருவார்கள், குடிக்கலாம். ஆனால் அந்த நாட்டில் சட்டப்படி விற்கும் அந்த இலையை, கோகெய்ன் எடுப்பதும் அதிலிருந்துதான் என்பதால், இந்தியாவுக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்தாலும் போதைப்பொருள் வழக்கு.

தலைவலி இருக்கும்போது இன்னும் மேலே ஏறக்கூடாது. நடை தடுமாறினால், சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், விடியும்வரை காத்திருக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா? கிளம்புவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அந்த அட்டை இல்லாமல் பொலிவியாவிலிருந்து திரும்பினால் இங்கே 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். லா பாஸ் உயரத்தில் அந்தக் காய்ச்சலைப் பரப்பும் கொசு இல்லை என்று வாதம் செய்தாலும் அதிகாரி கேட்க மாட்டார்.

பை_தூக்கி:
சுதா அக்கா, ரொம்ப நன்றி. லா பாஸுக்கு நேர் விமானம்தான் பார்த்து வைத்திருந்தேன், மாற்றுகிறேன்.

மலைக்காகம் அவர்களே, சரி, காப்பகம் வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது வெறும் சுற்றுலாப் பயணியாகப் போவது மட்டும் சுத்தமா? பொதோசியில் சுரங்கத்துக்குள் சுற்றுலா கூட்டிப்போகிறார்கள். வழியில் சந்தையில் கொக்கா இலை, குளிர்பானம், டைனமைட் எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு, மனிதர்கள் மூச்சுத் திணறி வேலை செய்வதைப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதற்கு என் இரண்டு வாரம் மேல் இல்லையா?

தெற்குத்திசை:
இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், பொதோசி என்றதும் வந்துவிட்டேன்.

பொதோசியின் செர்ரோ ரிக்கோ மலையில் வெள்ளி கிடைத்தது 1545இல். ஸ்பானியப் பேரரசு அந்த ஒரு மலையில் கொழுத்தது. இன்று கூட்டுறவுச் சங்கங்கள் மிச்சம் மீதியைச் சுரண்டுகின்றன, உச்சிப் பகுதி உள்வாங்கிக்கொண்டிருக்கிறது, 2014இல் யுனெஸ்கோ அந்த நகரத்தை ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. தூசியில் நுரையீரல் போய் இளவயதில் சாகும் தொழிலாளர்கள் அங்கே புதிதில்லை.

வழிகாட்டிகளில் பலர் முன்னாள் சுரங்கத் தொழிலாளிகள். சுரங்கத்தை விட்டு வெளியே வர அவர்களுக்குக் கிடைத்த ஒரே வேலை இது. "ஏழ்மையைக் காட்சிப்பொருள் ஆக்காதே" என்று நாம் போகாமல் இருந்தால் அந்த ஆள் திரும்ப உள்ளே போக வேண்டியதுதான். நான் போவேன். படம் மட்டும் எடுக்க மாட்டேன்.

காவேரிக்கரை:
பாருங்கள், சுரங்கத்துக்குப் போகலாம், காப்பகத்துக்குப் போகக்கூடாது! இந்த நியாயம் எனக்குப் புரியவில்லை.

தெற்குத்திசை:
சுரங்கத்தில் இருப்பவர் வளர்ந்த மனிதர். வேண்டாம் என்றால் "போடா" என்று சொல்ல முடியும். ஐந்து வயதுக் குழந்தையால் முடியாது. தினம் ஒரு புது அண்ணன் வந்து தூக்கி வைத்துக்கொள்வார், பழகியதும் போய்விடுவார்.

வளர்ந்த பிள்ளைகள் விஷயத்தில்கூட வெளியாள் நினைப்பது ஒன்று, அவர்கள் கேட்பது ஒன்று. பொலிவியாவில் வேலை செய்யும் சிறுவர்களுக்கே சங்கம் உண்டு. 2013 டிசம்பரில் அந்தப் பிள்ளைகள் லா பாஸில் ஊர்வலம் போனார்கள். குழந்தைத் தொழிலை ஒழி என்று கேட்கவில்லை, எங்களை வேலை செய்ய விடு, பாதுகாப்புக் கொடு என்று கேட்டார்கள். கண்ணீர்ப்புகை வாங்கினார்கள், பிறகு மொராலெஸே அழைத்துப் பேசினார். மலைக்காகம் மேலே சொன்ன அதே 548ஆம் சட்டம் சில நிபந்தனைகளோடு 10 வயதிலேயே வேலை செய்ய அனுமதித்தது. உலகமே திட்டியது, 2018இல் திரும்பவும் 14 ஆக்கினார்கள். எனக்கு அந்த 10 வயது பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளோடு பேசுவதற்கே ஸ்பானிஷ் வேண்டும், அவர்கள் பாடு புரிய இரண்டு வாரம் போதாது.

காவேரிக்கரை:
சரி, குழந்தைகளை விடுங்கள். விலங்குகள்? இன்தி வாரா யாஸி என்ற அமைப்பு 1990களிலிருந்து நடக்கிறது. கடத்தலிலிருந்தும் கூண்டிலிருந்தும் மீட்ட பூமா, ஜாகுவார், குரங்குகளைக் காட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அதுவும் தன்னார்வலர் கட்டும் பணத்திலும் உழைப்பிலும்தான் ஓடுகிறது. காசு கட்டினாலே மோசடி என்ற வாதம் இங்கே விழுந்துவிடுகிறதே?

மலைக்காகம்:
காசு கட்டினாலே மோசடி என்று நான் எங்கே சொன்னேன்? உங்கள் சாப்பாட்டுச் செலவை அவர்கள் ஏன் சுமக்க வேண்டும், கட்டத்தான் வேண்டும். பணம் எங்கே போகிறது, உங்களை என்ன கேட்டுச் சேர்க்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. அங்கே சில வாரங்களாவது தங்க வேண்டும். சகதியில் கூண்டு கழுவ வேண்டும், பழம் நறுக்க வேண்டும், கொசுக்கடி வாங்க வேண்டும். தாழ்நிலக் காடு என்பதால் சுதா மேடம் சொன்ன தடுப்பூசி அங்கே உண்மையிலேயே உயிர் காக்கும். அதைக் காப்பகத்தோடு ஒப்பிட்டால் நானும் உங்கள் பக்கம்தான். முழுவதும் இல்லை: மனிதக் கை பட்டுப் பழகிய காட்டுப் பூனையைப் பற்றி எனக்கு வேறு சந்தேகங்கள் உண்டு. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

பை_தூக்கிக்கு என் யோசனை: அந்த ஏஜென்சிப் பணத்தில் சுக்ரேயில் ஒரு மாதம் ஸ்பானிஷ் படியுங்கள். நானும் அங்கேதான் படித்தேன். தனி ஆசிரியர் வைத்துக்கொள்ளக்கூட அதிகம் ஆகாது. அந்தப் பணம் ஒரு பொலிவிய ஆசிரியர் வீட்டுக்குப் போகும், உங்களுக்குப் பேச்சு வரும். அதற்குப் பிறகும் சேவை செய்ய ஆசை இருந்தால் எதற்கு ஆள் தேவை என்று நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள். கொச்சபாம்பா மக்கள் 2000இல் தண்ணீரைத் தனியாருக்குக் கொடுத்த ஒப்பந்தத்தையே தெருவில் நின்று ரத்து செய்ய வைத்தவர்கள். என்ன வேண்டும் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியும்.

காவேரிக்கரை:
ஆக மொத்தம் சேவை வேண்டாம், டியூஷன் போ என்கிறீர்கள். இரண்டு வாரத்தில் ஒரு குழந்தை சிரித்தால் அதற்கு மதிப்பே இல்லையா? நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொள்ளப் போவதுமில்லை.

பை_தூக்கி:
இரண்டு பக்கமும் சண்டை போட்டதற்கு நன்றி. ஏஜென்சிக்கு மூன்று கேள்வி அனுப்பினேன். என்னிடம் போலீஸ் சான்றிதழ் கேட்பீர்களா? என் கட்டணத்தில் காப்பகத்துக்கு எவ்வளவு போகிறது? நான் கிளம்பிய பிறகு அந்த வகுப்பை யார் எடுப்பார்? "முன்பணம் கட்டியதும் முழு விவரம் அனுப்புகிறோம்" என்று பதில், கூடவே ஒரு சிரிப்பு முகம். கட்டவில்லை.

சுக்ரே வகுப்பு விசாரிக்கிறேன். விலங்குச் சரணாலயத்துக்கும் எழுதியிருக்கிறேன், அதை விடுவதாக இல்லை. கையில் டாலர் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம், யாராவது சொல்லுங்கள்.

தெற்குத்திசை:
நோட்டாகக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள், கிழியாத, புது நோட்டாக. 2011இலிருந்து ஒரு டாலர் 7 பொலிவியானோவுக்குச் சற்றுக் கீழே என்று கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள். 2023இல் டாலர் தட்டுப்பாடு வந்த பிறகு வெளிச்சந்தை விலை தனி வழியில் போய்விட்டது. கிளம்பும் வாரம் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், சாலை மறியல் அந்த ஊரில் சகஜம், ஒரு பேருந்து இரண்டு நாள் நகராமல் நிற்கலாம். திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் இரவு உயுனியில் இருக்காதீர்கள்.