முயலைக் குளிப்பாட்டலாமா? பின்பக்கம் ஊத்தையாகி மணக்கிறது

கல்லடி வாசி:
வணக்கம். மகளுக்காக வாங்கிய வெள்ளை முயல், ஆண், எட்டு மாதம். நான்கு நாளாகப் பின்பக்க மயிரில் புழுக்கை களிபோல ஒட்டிக் கட்டியாகக் காய்ந்திருக்கிறது. பின்னங்கால் மயிர் சலம் பட்டு மஞ்சளாகிவிட்டது. நேற்று மகள் வாளியில் இறக்கி ஷாம்பு போட்டுக் கழுவப் பார்த்தாள். அது உதைத்த உதையில் வாளி கவிழ்ந்துவிட்டது. பிறகு இரண்டு மணி நேரம் கூட்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு ஒன்றும் தின்னாமல் இருந்தது. இப்போது தின்கிறது. காலையில் பாண், கரட், பின்னேரம் வத்தகப்பழத் தோல், கொஞ்சம் கீரை கொடுக்கிறோம். கம்பி வலைக் கூடு. இந்தக் கச்சான் காற்று வெக்கையில் இலையானும் மொய்க்கிறது. எப்படிச் சுத்தமாக்குவது?

காரைதீவு முயல்காரன்:
தங்கச்சி, முதல் வேலை வாளியைத் தூக்கி வைப்பதுதான். முயலைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. அதன் எலும்பு மெல்லியது, பின்னங்கால் பலமோ பெரியது. பயத்தில் உதறும்போது தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். அடிமயிர் அடர்த்தியானதால் நனைந்தால் இலகுவில் காயாது, உடம்புச் சூடு இறங்கிவிடும். உடனே ஒன்று பாருங்கள்: வாலடியில் அரிசிக் குறுணிபோல வெள்ளை முட்டையோ புழுவோ இருக்கிறதா? இலையான் முட்டை ஒரு நாளுக்குள் பொரித்துத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி ஏதும் கண்டால் இதை வாசித்துக்கொண்டு இருக்காமல் மிருக வைத்தியரிடம் ஓடுங்கள்.

ஏறாவூர் தம்பி:
நாங்கள் மாதத்தில் ஒருக்கா குளிப்பாட்டி வெயிலில் விடுவோம், ஒன்றும் ஆனதில்லை.

வாழைச்சேனை அக்கா:
தம்பி, உங்களுக்கு ஆகவில்லை என்பது நல்ல காலம். நானும் அப்படித்தான் குளிப்பாட்டி முற்றத்தில் வெயிலில் விட்டேன். முயலுக்கு எங்களைப் போல வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு சரிந்து படுத்தது. அன்று பின்னேரமே போய்விட்டது. இன்னும் அந்தக் கூட்டைக் கழுவி வெளியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. தயவுசெய்து இனிச் செய்யாதீர்கள்.

கல்லடி வாசி:
இப்போதே தூக்கிப் பார்த்தேன். புழு இல்லை, முட்டையும் இல்லை. ஆனால் கட்டிக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறது.

காரைதீவு முயல்காரன்:
நல்லது. இப்போது நிலத்தில் இருந்துகொண்டு மடியில் துவாய் விரித்து, ஒரு கை நெஞ்சுக்குக் கீழும் மற்றக் கை பின்பக்கத்துக்குக் கீழுமாகப் பிடியுங்கள். நிலத்தில் இருந்தால் துள்ளி விழுந்தாலும் அடி குறைவு. மல்லாத்தாதீர்கள். அப்படிக் கிடக்கும்போது அசையாமல் இருப்பது சுகத்தில் அல்ல, பயத்தில். சீலைத் துண்டை இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கட்டியின் மேல் வைத்து ஊறவிடுங்கள். இளகியதும் விரலால் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்து எடுங்கள். இழுக்கவும் வேண்டாம், கத்தரிக்கோலும் வேண்டாம், முயல் தோல் கடதாசி மாதிரிக் கிழியும். சவர்க்காரம், ஷாம்பு, கிருமிநாசினி எதுவும் போடாதீர்கள், நக்கித் தின்றுவிடும். ஒற்றி ஒற்றி நன்றாகக் காய வையுங்கள். மீதி ஊத்தைக்குக் கோன்ஃப்ளவர் மாவைக் கொஞ்சம் தூவிச் சீப்பால் வாரி எடுக்கலாம், முகத்துப் பக்கம் போகாமல். பேபி பவுடர் வேண்டாம், அந்தத் தூசி நெஞ்சுக்குக் கூடாது. நாய்க்குத் தெள்ளுக்குப் போடும் ஃபிப்ரோனில் மருந்தையும் கிட்ட எடுக்காதீர்கள், முயல் செத்துப்போகும்.

ஆனால் கழுவுவது பாதி வேலைதான். இந்த ஊத்தை தீனியால் வருவது. முயல் குருட்டுக்குடலில் இருந்து திராட்சைக் குலைபோல மென்மையான புழுக்கை போட்டு, அதைத் தன் வாயாலேயே எடுத்துத் தின்னும். அது அதற்கு வேண்டிய சத்து. பாணும் இனிப்பும் கூடினால் அந்தப் புழுக்கை களியாகி, தின்ன முடியாமல் மயிரில் ஒட்டும். பாணை இன்றோடு நிறுத்துங்கள். கரட், வத்தகத் தோல் எப்போதாவது ஒரு துண்டு. முக்கால்வாசித் தீனி புல்லாக இருக்க வேண்டும். கினிப் புல் நல்லது, ஆனால் ஒரேயடியாக மாற்றாமல் நாளுக்கு நாள் கூட்டுங்கள். வயல் வரம்பில் அறுப்பதென்றால் மருந்து அடித்த வயலா என்று கேட்டுவிட்டு அறுங்கள்.

வாழைச்சேனை அக்கா:
கம்பி வலையின் மேல் பாதிக்குப் பலகை போடுங்கள், உள்ளங்கால் புண்ணாகாது. சலக் கறைக்கு வினாகிரியும் தண்ணீரும் கலந்து கூட்டைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, அதற்குப் பிறகு முயலை விடுங்கள். அரை நாளுக்கு மேல் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

கல்லடி வாசி (பத்து நாளைக்குப் பிறகு):
அக்கா, அண்ணா, நன்றி. கட்டியை எடுக்க மூன்று பின்னேரம் எடுத்தது. தோல் சிவந்திருந்ததால் வைத்தியரிடமும் காட்டினோம், பூச மருந்து தந்தார். பாண் நிறுத்தியதில் முதல் இரண்டு நாள் கோபத்தில் தீன் கோப்பையைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தது. இப்போது புல்லைத் தண்டோடு மென்று இழுக்கிறது, புழுக்கை கடலைபோல உருண்டை உருண்டையாக, காய்ந்து விழுகிறது. மகள் விடிய எழும்பியதும் முதலில் வாலடியைத்தான் பார்க்கிறாள். கால் மஞ்சள் மட்டும் இன்னும் போகவில்லை.

காரைதீவு முயல்காரன்:
அது கறை, தேய்க்காதீர்கள். மயிர் கொட்டிப் புதிதாக முளைக்கும்போது தானாகப் போய்விடும்.